மரண அறிவிப்பில் இல்லாத மகள்!

2003-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி. அமெரிக்காவில் ஒரு கிழவர் காலமானார். அவருக்கு வயது 100.

அவர் சாதாரணக் கிழவர் அல்ல. பெயர் ஸ்ட்ராம் தர்மாண்ட். தெற்கு கரோலினா மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். ஜனாதிபதி பதவிக்குப் போட்டி போட்டவர். ஏறக்குறைய 48 ஆண்டுகள் அமெரிக்க செனட் சபையில் உறுப்பினராக இருந்தவர். 100 வயது நிறைந்தபோதும் பதவியில் இருந்த செனட் உறுப்பினர் அவர் ஒருவரே!

பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. பிறந்த ஊர், படித்த படிப்பு, வகித்த பதவி, பேசிய பேச்சு எல்லாம் வந்தன. கடைசியில், வழக்கம்போல, குடும்ப விவரம் வந்தது. அவருக்கு மனைவியும், 2 மகன்களும், ஒரு மகளும் இருக்கிறார்கள். இன்னொரு மகள் 1993-ல் கார் மோதி இறந்துவிட்டாள்.

இவ்வளவுதான். பட்டியல் முடிந்துவிட்டது.

ஆனால், இறந்தவருடைய மூத்த பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மூத்த பிள்ளை உயிரோடுதான் இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. வயது 77.

அவர் பெயர் எஸ்ஸி மே வாஷிங்டன் வில்லியம்ஸ். அவர் ஒரு கறுப்பர் இனப் பெண்மணி. தர்மாண்ட் வெள்ளையர். அதுவும் எப்படிப்பட்ட வெள்ளையர்!

கறுப்பருக்கு எதிரி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் கறுப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி ரெயில் பெட்டி, தனித் தண்ணீர்க் குழாய் என்று எல்லாம் தனித்தனியாக இருந்தன. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வது சட்டப்படி குற்றம். "இந்தப் பிரிவினை அப்படியே இருக்க வேண்டும்" என்று வாதாடிய தலைவர்களில் முன்னணியில் நின்றவர் தர்மாண்ட்.

1948-ல் அவர் ஜனாதிபதி தேர்தலில் நின்றதே அதற்காகத்தான். கறுப்பரை வெள்ளையரின் கொட்டகைகளிலும், நீச்சல் குளங்களிலும், வீடுகளிலும், தேவாலயங்களிலும் விடமாட்டோம் என்று முழங்கினார். 4 மாநிலங்களில் வெற்றியும் பெற்றார்.

1957-ல் கறுப்பருக்கு ஓட்டுரிமைப் பாதுகாப்புத் தரும் மசோதா செனட் சபைக்கு வந்தது. அதைத் தடுக்க தர்மாண்ட் எழுந்து பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். 24 மணி 18 நிமிடம்! அந்தச் சபையில் தனி ஓர் ஆள் அத்தனை நேரம் பேசியது அதுவரை கிடையாது. மசோதா மட்டும் நிறைவேறிவிட்டது.

அப்படிப் பேசியவருக்கு, அப்போது 31 வயதில் ஒரு கறுப்பர் இன மகள் இருந்தாள்!

வேலைக்காரப் பெண்

கதை 1925-ல் தொடங்குகிறது. தர்மாண்ட் அப்போது எட்ஜ்பீல்டு என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். வயது 22. பெற்றோர் வீட்டில் வசித்து வந்தார். அந்த வீட்டில் கேரி பட்லர் என்று ஒரு கறுப்பர் இனப் பெண் வேலை பார்த்தாள். சிறு பெண். 16 வயது இருக்கும்.

அந்த ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி கேரி ஒரு பெண் குழந்தை பெற்றாள்.

குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது தொலைதூரத்தில் உள்ள பென்சில்வேனியா மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கேரியின் அக்காளும் அவள் புருஷனும் அங்கே வளர்த்தார்கள். குழந்தை அவர்களையே அம்மா, அப்பா என்று எண்ணி வளர்ந்தது.

13 வயதில்தான் எஸ்ஸி மேக்கு உண்மை தெரிந்தது. "சித்தி" என்று வந்தவள்தான் தன்னைப் பெற்ற தாய்! ஆனால் அப்பா யார்? அதை அப்போது யாரும் சொல்லவில்லை.

1941-ல் மகளுக்கு 16 வயது. தாய் அவளை எட்ஜ்பீல்டு ஊருக்கு அழைத்துப் போனாள். ஒரு வக்கீல் அலுவலகத்துக்குள் இருவரும் நுழைந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர்தான் அப்பா என்று தெரிந்தபோது மகள் திகைத்துப் போனாள். அப்பா ஒரு வெள்ளைக்காரர் என்பதை அவள் கனவிலும் நினைத்ததில்லை. தன் சகோதரி ஒருத்தியின் முகச்சாயல் உனக்கு இருக்கிறது என்று அவர் சொன்னாராம். பிற்காலத்தில் மகளே இதைச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு தர்மாண்ட் மகளை அடியோடு கைவிட்டுவிடவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். கறுப்பர் படிக்கும் கல்லூரி ஒன்றில் அவள் படிக்கப் பணம் கொடுத்தார். கவர்னர் ஆன பிறகு அந்தக் கல்லூரிக்கே போய் அவளைப் பார்த்தார். கவர்னர் கல்லூரியைப் பார்வையிட வந்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. போகும்போது ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுப்பார். இப்படியே பல ஆண்டுகள் நடந்தது.

எல்லாம் தந்தார். பெயரை மட்டும் தரவில்லை.

மகளும் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 4 பிள்ளைகள் பிறந்தன. 1964-ல் கணவர் இறந்த பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆசிரியை வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். அவ்வப்போது பத்திரிகை நிருபர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். "அவர் எங்கள் குடும்ப நண்பர்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அப்பாவின் பதவிக்குத் தன்னால் கெடுதல் வரக்கூடாது என்று மகள் நினைத்தார். அவர் மகளின் இனத்துக்கு எதிராக 24 மணி நேரம் பேசியிருந்தும்கூட!

ஆகையால், தர்மாண்ட் இறந்தபோது பட்டியலில் அந்தப் பெயர் இல்லாமல் போனதில் வியப்பு ஒன்றும் இல்லை.

பட்டியலை எழுதுவது யார்?

"பத்திரிகையில் வந்துவிட்டால் அது உண்மையாகத்தான் இருக்கும்" என்று நினைப்பவர்கள் உண்டு. மரண அறிவிப்பு விஷயத்தில் இது பாதிதான் சரி.

அமெரிக்காவில் இரண்டு வகை உண்டு. பெரிய மனிதர் இறந்தால் பத்திரிகையின் நிருபரே வாழ்க்கைக் குறிப்பை எழுதுவார். அதற்குக் காசு கிடையாது. மற்றவர்கள் இறந்தால் குடும்பத்தார் பணம் கட்டி அறிவிப்பு வெளியிடுவார்கள். அது ஒரு விளம்பரம். வீடு விற்பனைக்கு, கார் விற்பனைக்கு என்று வருகிறதே, அதைப் போலத்தான்.

இந்த அறிவிப்பைப் பெரும்பாலும் குடும்பத்தார் நேரே பத்திரிகைக்குக் கொடுப்பதில்லை. அங்கே சவ அடக்கம் நடத்தித் தருவதற்கென்றே நிலையங்கள் உண்டு. பெட்டி, வண்டி, மலர், பிரார்த்தனை எல்லாவற்றையும் அவர்களே கவனிப்பார்கள். அறிவிப்பு எழுதி அனுப்புவதும் அவர்கள் வேலை. நிலையத்தின் மேனேஜர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார். "பெயர்? பிறந்த தேதி? மனைவி? பிள்ளைகள்?"

எதிரே உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள். மனைவியாக இருக்கலாம். மூத்த மகனாக இருக்கலாம். யார் செலவை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறாரோ அவர் சொல்வதுதான் பட்டியல்! அவர் வாயில் வராத பெயர் தாளில் ஏறாது. தாளில் ஏறாதது அச்சில் வராது.

பத்திரிகை இதைச் சரிபார்க்காதா? ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சரிபார்க்கும். ஆள் உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்று பார்க்கும். விளையாட்டாகவும் பகையாலும் பொய்ச் சாவு அறிவிப்புக் கொடுப்பவர்கள் இருப்பதால் இந்த எச்சரிக்கை. எத்தனை மனைவி, எத்தனை பிள்ளை என்று வீடு வீடாகப் போய் விசாரிக்க எந்தப் பத்திரிகையாலும் முடியாது.

2014-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒருவர் இறந்துபோனார். அந்த ஊர்ப் பத்திரிகையில் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. அதே பெயர். அதே படம். ஒன்றில் "அன்பு மனைவி" என்று ஒருத்தியின் பெயர். அதன் கீழே இருந்த மற்றொன்றில் "நெடுநாள் காதலி" என்று வேறொருத்தியின் பெயர்! மனைவி ஒரு மாதிரி எழுத வேண்டும் என்றாள். மற்றவள் வேறு மாதிரி எழுத வேண்டும் என்றாள். சவ அடக்க நிலையத்தார் சண்டைக்குப் போகவில்லை. இரண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

மறதியும் உண்டு, மனஸ்தாபமும் உண்டு

பெயர் விடுபட்டால் எப்போதுமே அதில் ஒரு ரகசியம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

சாவு விழுந்த வீட்டில் யாருக்கு நிதானம் இருக்கும்? ஒரே நாளில் எல்லாம் முடிவாக வேண்டும். தூக்கம் இல்லை. சாப்பாடு இல்லை. அந்த நேரத்தில் 9 பேரன் பேத்திகளில் ஒரு பெயர் விட்டுப்போவது அதிசயம் அல்ல. எதிரே நின்று உதவி செய்துகொண்டிருக்கும் பெண்ணின் பெயரே விட்டுப்போவதும் உண்டு. தூரத்தில் இருப்பவர்களை நினைத்து நினைத்துச் சேர்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவள் நினைவுக்கு வரமாட்டாள்.

காசும் ஒரு காரணம். பல பத்திரிகைகளில் வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒவ்வொரு பெயருக்கும் காசு! ஆகவே, "பேரக் குழந்தைகள் பலர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

திருடர்களுக்குப் பயந்து பெயரை விடுபவர்களும் இருக்கிறார்கள். சவ அடக்கம் எத்தனை மணிக்கு என்பது அறிவிப்பில் இருக்கும். அந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கும் என்பது திருடனுக்கும் தெரியும் அல்லவா? இன்னொரு விஷயம். அமெரிக்க பாங்குகளில் ஆள் அடையாளம் தெரிந்துகொள்ள, "உங்கள் தாயார் பிறந்த வீட்டுப் பெயர் என்ன?" என்று கேட்பது நெடுநாள் வழக்கம். மரண அறிவிப்பைப் படித்தால் அந்த ரகசியம் வெளியாகிவிடும். இதனால் சிலர் தாய் வீட்டுப் பெயரை எழுதுவதில்லை.

தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு. அடித்து நொறுக்கிய தகப்பன் செத்தான் என்றால், அவனுக்கு "அன்பு மகள்" என்று அச்சில் நிற்க அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருக்குமா?

இறந்தவரே உயிரோடு இருக்கும்போது எழுதி வைத்துவிட்டுப் போவதும் உண்டு. பேச்சு வார்த்தை இல்லாத மகன் பெயரை அவரே விட்டிருப்பார். அவர் கைப்பட எழுதியதைத் திருத்த மற்றவர்களுக்குத் துணிவு வராது.

1980-ம் ஆண்டுகளில் எய்ட்ஸ் நோய் அமெரிக்காவில் பரவியது. வாலிபர்கள் பலர் இறந்தார்கள். "நெடுநாள் நோய்வாய்ப்பட்டு இறந்தார்" என்று மட்டும் அறிவிப்புகள் வந்தன. நோயின் பெயர் இராது. இறந்தவனுடன் பல ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்து மலம் மூத்திரம் எடுத்த துணைவன் பெயரும் இராது. பெற்றோர் சொன்ன பட்டியல்தான் வரும். அந்தத் துணைவர்களில் பலர், சவ அடக்கத்தில் பின் வரிசையில் யாரோ போல உட்கார வேண்டியிருந்தது.

ஆகாய வீரனின் 7 பிள்ளைகள்

ரகசியத்தால் விடுபட்ட பெயர்களுக்குத் திரும்புவோம். அதில் எல்லோரையும் திடுக்கிட வைத்தது லிண்ட்பெர்க் கதை.

1927-ல் நியூயார்க் நகரிலிருந்து பாரீஸ் நகருக்குத் தன்னந்தனியாக, எங்கும் இறங்காமல், விமானம் ஓட்டிப் போனாரே, அந்தச் சார்லஸ் லிண்ட்பெர்க்தான். 33½ மணி நேரப் பயணம். உலகமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவருடைய முதல் குழந்தையை 1932-ல் யாரோ தூக்கிக்கொண்டு போய்க் கொன்றுவிட்ட செய்தி கேட்டு உலகமே அழவும் செய்தது.

1974-ல் அவர் ஹவாய்த் தீவில் இறந்தார். மனைவி ஆன், பிள்ளைகள் 5 பேர் என்று குடும்ப விவரம் வந்தது.

அதே நேரத்தில் ஐரோப்பாவில் இன்னும் 7 பிள்ளைகள் இருந்தார்கள்!

ஜெர்மனியில், மியூனிக் நகரில், தொப்பி செய்யும் ஒரு பெண்ணுக்கு 3 பிள்ளைகள். அவளுடைய சகோதரிக்கு 2. வேறொரு பெண்ணுக்கு 2. மூன்று பெண்களுக்கும் தகப்பன் அவரே. ஆண்டுக்குச் சில முறை வருவார். அப்பம் சுட்டுத் தருவார். கதை சொல்வார். போய்விடுவார். மியூனிக் பிள்ளைகளுக்கு அவர் பெயர் "கேரியு கென்ட்". அவர் எழுத்தாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாவதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, ரகசியத்தைக் காப்பாற்றும்படி அவர் அந்தப் பெண்களுக்குக் கடிதம் எழுதினார்.

மியூனிக் மகள் ஒருத்தி வளர்ந்தபின் ஒரு பத்திரிகைக் கட்டுரையையும் சில கடிதங்களையும் கண்டெடுத்தாள். தாயிடம் கேட்டாள். தாய் ஒப்புக்கொண்டாள். "நான் உயிரோடு இருக்கும்வரை வெளியே சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டாள். மகள் வாக்குக் கொடுத்தாள். காப்பாற்றவும் செய்தாள். தாய் இறந்து 2 ஆண்டுகள் கழித்து, 2003-ல்தான் விஷயம் வெளியே வந்தது. நவம்பரில் டி.என்.ஏ. சோதனை அதை உறுதி செய்தது. லிண்ட்பெர்க் இறந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

"இறந்துவிட்டார் உன் அப்பா" என்று செய்தித்தாளைக் காட்டி அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. செய்தித்தாளில் இருந்த பெயர் அவர்கள் அப்பாவின் பெயரே அல்ல!

ஆஸ்பத்திரியில் எழுதிய கடிதம்

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் சொத்தும் இல்லையா? அதற்கு ஒரு நல்ல வழக்கு உண்டு.

சார்லஸ் குரால்ட் என்பவர் அமெரிக்கா முழுவதும் வண்டியில் சுற்றி, சாதாரண மக்களைப் பற்றிய செய்திகளை டெலிவிஷனில் சொல்லிப் புகழ் பெற்றவர். 1997-ல் ஜூலை 4-ந் தேதி இறந்தார். அமெரிக்க சுதந்திர தினம் அது. மனைவியும் 2 மகள்களும் இருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

சுமார் 30 ஆண்டுகளாக அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது யாருக்கும் தெரியாது. ஊர் ஊராகச் சுற்றுவதே உத்தியோகம். கேட்பார் யார்? மோண்டானா மாநிலத்தில் ஆற்றங்கரையில் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். அந்தப் பெண்ணின் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சாவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். மோண்டானாவில் உள்ள மீதி நிலமும் அவளுக்குக் கிடைக்கும்படி வக்கீலை வரவழைத்து ஏற்பாடு செய்வதாக அதில் இருந்தது. வக்கீல் வருவதற்குள் சாவு வந்துவிட்டது.

அந்தக் கடிதத்தோடு அவள் கோர்ட்டுக்குப் போனாள். மனைவி எதிர்த்தார். வழக்கு நடக்கும்போதே மனைவி இறந்தார். மகள்கள் தொடர்ந்து நடத்தினார்கள். 2000-ம் ஆண்டு டிசம்பரில் மோண்டானா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கைப்பட எழுதிய அந்தக் கடிதமே உயில் ஆகும், நிலம் அவளுக்கே என்று!

மரண அறிவிப்பில் யார் பெயர் இருந்தது என்று அந்தத் தீர்ப்பில் யாரும் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். பத்திரிகையில் படம் போட்டு, "இவருக்கு மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள்" என்று அறிவிப்பு வரும். சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் பெயர் அதில் இராது. இளைய தாரமும் அவள் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். கருமாதிப் பத்திரிகையிலும் அப்படியே. பெயர் இல்லாத மகள் அந்தத் தாளைப் பார்த்து, "எனக்கு இனி ஒன்றும் இல்லை" என்று அழுதுவிட்டு இருந்துவிடுவாள். அது தவறு. அச்சடித்த தாளுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. வாரிசு யார் என்று சான்றிதழ் தருவது தாசில்தார். தகராறு என்றால் முடிவு செய்வது கோர்ட்டு.

1956-ம் ஆண்டின் இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. மகள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்ற கேள்வி அதில் இல்லை. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது கட்டிய இரண்டாம் தாரத்துக்குச் சட்டப்படி மனைவி என்ற உரிமை கிடையாது. ஆனால் அவள் பெற்ற பிள்ளைகள் தகப்பன் சொத்தில் பங்கு பெறலாம். கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரக்கூடிய பாகத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று 2023-ம் ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்திருக்கிறது.

இரண்டு குடும்பமும் ஒரே இடத்தில்

எல்லாரும் மறைத்துக்கொண்டேதான் சாகிறார்கள் என்றும் இல்லை. பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதியாக 14 ஆண்டுகள் இருந்தவர் மித்தரான். அவருக்கு மனைவி அல்லாத ஒரு பெண்ணிடம் 1974-ல் ஒரு மகள் பிறந்தாள். 20 ஆண்டுகள் அது வெளியே தெரியாமல் காக்கப்பட்டது. 1994-ல் ஒரு பத்திரிகை தந்தையும் மகளும் சேர்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது.

1996-ல் மித்தரான் இறந்தார். சொந்த ஊரில் அடக்கம். சவப்பெட்டி பக்கத்தில் மனைவி நின்றார். மகன்கள் நின்றார்கள். அந்த மகளும் அவளைப் பெற்றவளும்கூட அங்கேயே நின்றார்கள்! அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. மனைவி பெரிய மனது பண்ணினார் என்று சிலர் பாராட்டினார்கள். வேறு சிலர் முகம் சுளித்தார்கள்.

கல்லில் ஒரு திருத்தம்

தர்மாண்டின் மகள் என்ன ஆனார்?

தந்தை இறந்தபின் 6 மாதம் பேசாமல் இருந்தார். அவருடைய பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. "எங்கள் தாத்தா யார் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று அவர்கள் நெருக்கினார்கள். அவருக்கும் இனி யாருடைய பதவியையும் காப்பாற்ற வேண்டியது இல்லை.

2003-ம் ஆண்டு டிசம்பரில் உலகத்துக்கு உண்மையைச் சொன்னார். அப்போது வயது 78. தனக்குப் பணமும் வேண்டாம், பங்கும் வேண்டாம் என்றார். தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் வம்சத்தைத் தெரிந்துகொண்டால் போதும் என்றார்.

"இது பொய்" என்று தர்மாண்ட் குடும்பத்தார் வழக்காடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. வக்கீல் மூலம் ஒரு சிறு அறிக்கை வந்தது. அவர் சொல்வதை ஏற்றுக்கொள்வதாக அதில் இருந்தது. டி.என்.ஏ. சோதனைகூடக் கேட்கவில்லை. அந்த மாதம் 17-ந் தேதி தெற்கு கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் நிருபர்கள் கூட்டம் நடந்தது. இப்போதுதான் முழு விடுதலை அடைந்ததாக உணர்கிறேன் என்று அந்த மூதாட்டி சொன்னார்.

அந்தத் தலைநகரின் சட்டசபை வளாகத்தில் தர்மாண்டுக்கு ஒரு சிலை இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1999-ல் வைத்தது. பீடத்தில் அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. "நான்கு பிள்ளைகளின் தந்தை" என்ற வாசகமும் இருந்தது.

பத்திரிகைத் தாளில் விட்டுப்போனதை மறுநாள் தாளில் திருத்தலாம். கல்லில் வெட்டியதை என்ன செய்வது?

2004-ல் கல்தச்சரைக் கொண்டு திருத்தினார்கள். "நான்கு" என்பதை "ஐந்து" ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கும் நான்கே எழுத்து. முதல் எழுத்தும் ஒன்றே. ஆகையால் இடம் சரியாகப் பொருந்தியது. மற்றப் பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே எஸ்ஸி மே என்ற பெயரை வெட்டினார்கள். மூத்தவள் பெயர் கடைசியில் இருக்கிறது. மேலே இடம் இல்லை!

மறு ஆண்டு அவர் தம் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அதன் தலைப்பு "அன்புள்ள செனட்டர்" என்று பொருள்படும். தந்தைக்குக் கடிதம் எழுதினால், "அப்பா" என்று தொடங்க முடியாத மகளாயிற்றே!

2013-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி எஸ்ஸி மே காலமானார். வயது 87. மரணச் செய்தி அமெரிக்கா எங்கும் பத்திரிகைகளில் வந்தது. இந்தத் தடவை தந்தையின் பெயர் தலைப்பிலேயே இருந்தது.